போக மட்டும்

சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் எழுதியிருந்தார். "கடல் கடந்து போனவன் நீ. மேல்நாட்டு அனுபவங்களை எழுது" என்பது அவர் கட்டளை. மேல்நாட்டு அனுபவம் என்று மார்தட்டிக்கொள்ள எனக்கு அப்படியொன்றும் வாய்த்துவிடவில்லை. பனி பெய்தது; பார்த்தேன். உருளைக்கிழங்கைப் பல விதமாக வேகவைத்துத் தருகிறார்கள், தின்றேன். இதற்கு மேல் எழுதினால் கற்பனையாகிவிடும். ஆனால் இங்கே வந்து சேருவதற்கு ஒரு டிக்கெட் வாங்கினேனே, அந்த அனுபவம் முழுக்க முழுக்க உண்மை. நம் விடுதியிலிருந்து ஆண்டுதோறும் யாராவது நாலு பேர் பெட்டி கட்டுகிறார்கள். அவர்களுக்காவது உதவட்டும் என்று அதையே எழுதுகிறேன். சங்க இலக்கியத்தை மற்ற நண்பர்கள் கவனித்துக்கொள்வார்கள்.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிட வேண்டும். 2024ஆம் ஆண்டில் எனக்கு ஜெர்மனியில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. அங்கே அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் படிப்புக் கட்டணம் கிடையாது. "ஆஹா, இலவசப் படிப்பு!" என்று ஊரில் எல்லாரும் மகிழ்ந்தார்கள். ஆனால் ஓராண்டுக் காலம் சாப்பிட்டு உயிர் வாழ ஆகும் தொகையை முன்கூட்டியே ஒரு முடக்கக் கணக்கில் போட்டுக் காட்டினால்தான் விசா. நான் விண்ணப்பித்தபோது அந்தத் தொகை 11,208 யூரோ. அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து அதை 11,904 ஆக்கிவிட்டார்கள். நம் கணக்கில் பத்து லட்ச ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் தகப்பனார் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வங்கிக் கடன் ஒரு பங்கு, அப்பாவின் சேமிப்பு ஒரு பங்கு, அம்மாவின் வளையல்கள் ஒரு பங்கு என்று அந்தக் கணக்கு நிரம்பியது. நிரம்பிய பிறகு டிக்கெட்டுக்கென்று மிஞ்சியது நாற்பதாயிரம் ரூபாய். அதற்கு மேல் கொடுக்க வீட்டில் ஒன்றும் இல்லை. கேட்க எனக்கு மனமும் இல்லை.

திருத்துறைப்பூண்டியிலிருந்து தஞ்சாவூருக்குப் பஸ்ஸில் போக ஒரு கட்டணம். திரும்பி வர அதே கட்டணம். இரண்டையும் கூட்டினால் போய்வரும் செலவு. இது சிறு பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. விமானக் கம்பெனிகள் வேறு பள்ளிக்கூடத்தில் படித்தவை. டில்லியிலிருந்து பிராங்க்பர்ட்டுக்குப் போக மட்டும் ஒரு கம்பெனி 53,000 ரூபாய் கேட்டது. அதே கம்பெனியில், அதே விமானத்தில் போய், பிறகு திரும்பியும் வருவதானால் 51,500! அரைக் கிலோ கத்தரிக்காய் முப்பது ரூபாய், ஒரு கிலோ வாங்கினால் இருபத்தெட்டு என்று கடைக்காரர் சொன்னால் நாம் என்ன நினைப்போம்? அவருக்கு உடம்பு சரியில்லை என்றுதானே நினைப்போம்?

உடம்புக்கு ஒன்றும் இல்லை என்பதை எனக்கு விளக்கியவர் கரோல் பாக்கில் டிக்கெட் ஏஜெண்டாக இருந்த ஒரு வயதான சர்தார்ஜி. இணையம் வந்த பிறகும் தம் கடையை மூடாமல், வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்த மனிதர். "பேட்டா, நீ இருக்கைக்கு விலை கொடுக்கிறாய் என்று நினைக்கிறாய். இருக்கைக்கு விலை கிடையாது. எழுத்துக்குத்தான் விலை" என்றார். எனக்கு விளங்கவில்லை. அவர் காகிதத்தில் வரிசையாகச் சில ஆங்கில எழுத்துகளை எழுதிக் காட்டினார்.

விஷயம் இதுதான். விமானத்தின் சாதாரண வகுப்பில் இருநூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். நாற்காலி ஒன்றுதான், சாப்பாடும் ஒன்றுதான். ஆனால் விற்கும்போது அந்த இருநூறையும் பத்துப் பன்னிரண்டு எழுத்துகளாகப் பங்கிட்டு வைத்திருப்பார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு விலை. ஒவ்வொரு விலைக்கும் ஒரு சட்டம். மலிவான எழுத்தில் கொஞ்சம் இருக்கைகள்தாம் இருக்கும். அவை தீர்ந்ததும் விலை அடுத்த எழுத்துக்கு ஏறும். காலையில் பார்த்த விலை மாலையில் இல்லை என்று நாம் பதறுகிறோமே, அதன் ரகசியம் பெரும்பாலும் இவ்வளவுதான். நாம் தேடுவதைக் கம்பெனி ஒளிந்திருந்து பார்த்து விலை ஏற்றுகிறது என்று விடுதியில் ஒரு கட்சி உண்டு. செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் வாங்கினால் மலிவு என்று இன்னொரு கட்சி. நான் இரண்டு செவ்வாய்க்கிழமை கண்விழித்துப் பார்த்தேன். தூக்கம் கெட்டது, விலை அசையவில்லை.

சரி, போக மட்டும் ஏன் விலை கூடுதல்? முன்காலத்தில் கம்பெனிகளுக்கு ஒரு கவலை இருந்தது. வியாபார விஷயமாக அவசரமாகப் போகிறவன் எந்த விலையும் கொடுப்பான். உல்லாசப் பிரயாணி மலிவாக இருந்தால்தான் வருவான். இருவரையும் பிரித்து அறிவது எப்படி? திங்கட்கிழமை போய் வெள்ளிக்கிழமை வீடு திரும்புகிறவன் வியாபாரி. சனிக்கிழமை இரவு வெளியூரில் தங்குகிறவன் உல்லாசி. ஆகவே, போய்வரும் டிக்கெட்டாக எடுத்து, இடையில் ஒரு சனிக்கிழமை இரவு அங்கேயே தங்குகிறவர்களுக்கு மட்டும் குறைந்த விலை என்று சட்டம் செய்தார்கள். போக மட்டும் கேட்கிறவன் எப்போது திரும்புவான் என்பது யாருக்குத் தெரியும்? அவனை அவசரக்காரன் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். ஊரைவிட்டுப் பெட்டியோடு புறப்படும் ஏழை மாணவனும் அந்தக் கணக்கில்தான் விழுந்தான். பிற்பாடு மலிவு விமானக் கம்பெனிகள் வந்து ஒவ்வொரு வழிக்கும் தனித்தனி விலை என்று விற்றதால் பல தடங்களில் இந்த வழக்கம் தளர்ந்துவிட்டது. ஆனால் கண்டம் தாண்டும் தடங்களில் இன்னும் சில கம்பெனிகள் இதை விடவில்லை. அதனால்தான் ஒரு கம்பெனியில் அநியாய விலையும் அடுத்த கம்பெனியில் நியாய விலையுமாக இருக்கிறது. ஒன்றைப் பார்த்துவிட்டு மனம் ஒடிந்துபோகக் கூடாது.

என் அறை நண்பனுக்கு இதைச் சொன்னேன். அவன் யோசிக்கவே இல்லை. "போய்வரும் டிக்கெட்டையே எடுத்துடுடா. போகிற பாதியில் போ. வருகிற பாதியைக் கிழித்துப் போடு" என்றான். இப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இதை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் டிக்கெட்டின் பகுதிகளை வரிசைப்படி பயன்படுத்த வேண்டும் என்பது பல கம்பெனிகளின் நிபந்தனை. முதல் பகுதியில் ஏறாமல் விட்டால் மற்றவை எல்லாம் ரத்து. கடைசிப் பகுதியை விட்டாலும் விலை வித்தியாசத்தைக் கேட்கச் சிலர் உரிமை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். லுஃப்தான்ஸா கம்பெனி, கடைசிப் பகுதியில் பிரயாணம் செய்யாத ஒரு பிரயாணிமேல் பெர்லினில் வழக்கே போட்டது. 2018 டிசம்பரில் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. எனக்கு நீதிமன்றப் பயத்தைவிட வேறொரு தயக்கம் இருந்தது. அதைச் சொல்ல என் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். கைப்பேசியில் டிக்கெட் விவரங்களை அப்பாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். 'புறப்படும் நாள்', 'திரும்பும் நாள்' என்று இரண்டு கட்டங்கள் திரையில் இருக்கும். போக மட்டும் என்று தொட்டால் இரண்டாவது கட்டம் மறைந்துவிடும். அது மறைந்ததை அம்மா பார்த்துவிட்டாள்.

"ஏந்தம்பி, போக மட்டும்னு கூடவா டிக்கெட் விக்கிறான்?"

"ஆமாம்மா. அதுதான் செலவு குறைவு."

"நம்ம வீட்டுல வாசப்படி தாண்டறப்ப யாராச்சும் போறேன்னு சொல்வாங்களா? போயிட்டு வரேன்னுதானே சொல்வோம். கூட நாலு காசு ஆனா ஆவட்டும். வர்றதுக்கும் சேத்தே எடு."

அப்பா ஒன்றும் பேசவில்லை. நானும் இரண்டு வருஷப் படிப்பு, அடுத்த கோடையில் தேர்வு எப்போது என்று தெரியாது, தேதியை மாற்றினால் அபராதமும் கட்டண வித்தியாசமும் சேரும் என்றெல்லாம் விளக்கினேன். அம்மா கேட்டுக்கொண்டாள். பிறகு கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் கவலைக்குக் காரணம் உண்டு என்பதை அன்று இரவு அப்பாதான் சொன்னார். அம்மாவின் தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார். 1930களில் நாகப்பட்டினத்தில் ராஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனவர். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வந்து, பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்க்கொண்டிருந்த கப்பல் அது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தபடி நம் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் அதில் போயிருக்கிறார்கள். போனவர் மாதாமாதம் கடிதம் எழுதினார், பணம் அனுப்பினார். 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை. யுத்தம் முடிந்த பிறகும் வரவில்லை. அம்மா அவரைக் கண்டவள் அல்ல. ஆனால் அவருக்காகத் திண்ணையில் உட்கார்ந்து வழி பார்த்த ஒரு கிழவியின் மடியில் வளர்ந்தவள்.

இப்போது நண்பனின் யோசனையை எண்ணிப் பாருங்கள். அதன்படி செய்தால் செலவும் அதிகமில்லை. அம்மாவிடம் 'இதோ பார், திரும்பும் நாள்' என்று அச்சிட்டே காட்டலாம். அவள் அந்தக் காகிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நாள் எண்ணுவாள். அந்த நாளில் நான் வரமாட்டேன் என்பது எனக்கு மட்டும் தெரியும். விமானக் கம்பெனியிடம் பொய் சொல்வதில் எனக்கு அவ்வளவு பெரிய கூச்சம் இருந்திருக்காது. இது வேறு.

போக மட்டுமே எடுப்பது என்று தீர்மானித்தேன். அம்மாவிடம் அப்படியே சொன்னேன். "சரி" என்றாள்.

அதன் பிறகு தேடிய தேட்டத்தில் அறிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் நம் நாட்டு மாணவர்கள் கூட்டம் கூட்டமாகப் புறப்படுவதால் அந்த வாரங்களில் மலிவான எழுத்துகள் சீக்கிரம் காலியாகின்றன. விசா கைக்கு வருமுன் வாங்கினால் விலை குறைவு. ஆனால் விசா தாமதமானால் பணம் போகும். விசா வந்த பிறகு வாங்கினால் கவலை இல்லை, விலை ஏறியிருக்கும். என் முன்னோடி ஒருவர் மலிவு பார்த்து, மாற்றவே முடியாத டிக்கெட்டை ஜூன் மாதமே வாங்கிவிட்டார். விசா புறப்படும் நாளுக்கு ஒன்பது நாள் கழித்து வந்தது. ரத்து செய்தாலும் விமான நிலைய வரிகளையும் கட்டணங்களையும் திருப்பித் தரவேண்டும் என்று நம் விமானத்துறை இயக்குநரகம் 2016இல் விதி செய்திருக்கிறது. ஆகவே அவருக்கு ஏதோ சிறு தொகை திரும்பி வந்தது. ஆகவே நண்பர்களே, இரண்டாயிரம் மூவாயிரம் கூடினாலும் தேதி மாற்ற இடம் தரும் டிக்கெட்டே மாணவனுக்கு மலிவு.

லண்டன் வழியாக ஒரு டிக்கெட் மிகக் குறைந்த விலையில் தென்பட்டது. விமானம் மாறுவதற்குக்கூட நம் பாஸ்போர்ட்டுக்கு, சில விலக்குகள் நீங்கலாக, பிரிட்டிஷ் விசா வேண்டும் என்று பிறகு தெரிந்தது. அந்த விசாவுக்கு ஒரு கட்டணம், அதற்கு ஒரு வரிசை. இடைவழி ஊரின் சட்டத்தையும் படித்த பிறகே பணத்தைக் கட்டுங்கள்.

தமிழர்களாகிய நமக்கென்றே ஒரு தொல்லை உண்டு. அது பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துதான். டிக்கெட் படிவமோ குடும்பப் பெயரை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகவிடாது. பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறதோ அதே எழுத்து டிக்கெட்டில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு நாடு அறிவித்தபோது நம்மவர் பலர் தவித்தார்கள். இரண்டாம் பக்கத்தில் தகப்பன் பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். பாஸ்போர்ட் எடுக்காதவர்கள் இதை இப்போதே யோசியுங்கள். எழுத்துப் பிழை நேர்ந்தால் உடனே சொல்லிவிடுங்கள். நம் நாட்டுக் கம்பெனியின் தளத்தில் நேரடியாகப் பதிவு செய்து, 24 மணி நேரத்துக்குள் சுட்டிக்காட்டினால், கட்டணமின்றித் திருத்தித் தரவேண்டும் என்று 2019இல் வந்த பயணிகள் சாசனம் சொல்கிறது. என் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர்தான் குடும்பப் பெயர். டில்லி விமான நிலையத்தில் அந்தப் பெண் என்னை அழைத்தது அப்பாவின் பெயரைச் சொல்லித்தான். வாழ்நாளில் விமானம் ஏறாத மனிதரின் பெயர் அங்கே அவ்வளவு மரியாதையாக ஒலித்தது.

முடிவில் வாங்கியது, வளைகுடா நகரம் ஒன்றில் மாறிச் செல்லும் மாணவர் கட்டண டிக்கெட், 37,500 ரூபாய், மாணவர் என்பதற்காகச் சாதாரணமாகத் தருவதைவிடப் பத்துக் கிலோ கூடுதலாகச் சாமான் கொண்டுபோகலாம். இதையும் விலையில் சேர்த்தே எண்ண வேண்டும். விமான நிலையத்தில் கூடுதல் எடைக்குக் கேட்கும் தொகையில் நம் விடுதி உணவகத்தில் ஒரு மாதம் சாப்பிடலாம். இதே பிரயாணம் சென்னையிலிருந்து என்றால் 46,000. எட்டாயிரத்து ஐந்நூறு வித்தியாசம். அப்பா, "மீனம்பாக்கத்திலிருந்தே போயேன், அம்மா வந்து வழியனுப்புவாள்" என்றார். நாற்பதாயிரத்துக்கு மேல் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். சொல்லிவிட்டு அவரே, "டில்லியே சரி" என்றார்.

சென்னையிலிருந்து டில்லிக்குத் தனி விமான டிக்கெட் எடுக்கலாமே என்பீர்கள். அங்கேதான் சூட்சுமம். உள்நாட்டு விமானத்தில் பொதுவாகப் பதினைந்து கிலோதான் இலவசம். ஒரே டிக்கெட்டாக இருந்தால் முதல் விமானத்திலிருந்தே வெளிநாட்டுக் கணக்கு. தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதித்தாலும் இரண்டாவது கம்பெனி பொறுப்பேற்காது. ஆகவே நான் ரயிலில் போனேன். தூங்கும் வகுப்பில் நாற்பது கிலோ வரை கேள்வி கிடையாது.

பெட்டி கட்டும் படலத்தை விரிவாக எழுத ஆசைதான். ஆசிரியர் பக்கம் ஒதுக்கவேண்டுமே. இட்லிப் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் வந்தன. நெய் வரவில்லை; பால்கோவாவும் வரவில்லை. பாலிலும் இறைச்சியிலும் செய்தவற்றைப் பிரயாணிகள் வெளியிலிருந்து கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. சான்றிதழ் இல்லாத பச்சைக் கறிவேப்பிலைக்கும் தடைதான். அம்மா அதைக் காயவைத்துப் பொடியாக்கி, பருப்புப் பொடியோடு கலந்து கொடுத்தாள். சட்டம் பச்சையைப் பற்றித்தானே பேசுகிறது என்பது அவள் வாதம்.

சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவு பத்து மணிக்குப் புறப்படும். அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து கூடவே வந்தார்கள். நான் டில்லிக்குப் படிக்கப் போகும்போதெல்லாம் அவர்கள் நின்ற அதே பிளாட்பாரம். அம்மா தண்ணீர்ப் புட்டியை ஜன்னல் கம்பி வழியாக நீட்டினாள். "போயிட்டு வரேம்மா" என்றேன். "வா" என்றாள். மீனம்பாக்கமாக இருந்தால் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருப்பார்கள். ரயில் என்பதால் வண்டி நகரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க முடிந்தது. எட்டாயிரத்து ஐந்நூறு மிச்சத்தில் இதையும் வரவு வைத்தேன்.

இங்கே வந்து முதல் ஆண்டு போக வழியில்லை. பிறகு ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்து, மாதம் கொஞ்சம் யூரோ மிச்சமாகிறது. இப்போது ஊருக்கு வர டிக்கெட் தேடுகிறேன். இம்முறை போய்வரும் டிக்கெட். அதாவது, பிராங்க்பர்ட்டிலிருந்து புறப்பட்டுச் சென்னைக்குப் போய், பிராங்க்பர்ட்டுக்குத் திரும்புவது. அம்மாவுக்குப் பக்கத்து வீட்டுப் பெண் கைப்பேசியில் விலை பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். தினமும் விளக்கு வைத்த பிறகு பார்க்கிறாளாம். இரண்டாவது கட்டத்தில் எந்த நாளைப் போடுவாளோ, நான் கேட்டதில்லை. நேற்று அவளே கூப்பிட்டாள். "போன வாரம் அம்பத்தெட்டாயிரம் இருந்துச்சு. இன்னிக்கு அம்பத்தொண்ணுக்கு வந்திருக்கு. எடுத்துடு தம்பி, அந்த எழுத்து தீந்துடப் போவுது" என்றாள்.